மீண்டும் புறப்பட்ட கம்பிவட ஊர்தி

பொதுப் பணி ஒன்றின் ஆயுள் அதன் திறப்பு விழாவோடு உறுதியாகிவிடுவதில்லை. சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவின் பெருநகரப் பூங்கா இதற்குச் சான்று. அங்குள்ள சான் கிறிஸ்டோபல் குன்றில் 1925-இல் இழுவை ரயில் அமைந்தது. 1980 ஏப்ரலில் கம்பிவட ஊர்தியும் வந்தது. முட்டை வடிவப் பெட்டிகளில் அமர்ந்து, மக்கள் நகரையும் ஆண்டிஸ் மலைத்தொடரையும் ஒருசேரக் கண்டு களித்தனர். 2009-இல் இயந்திரக் கோளாற்றால் ஊர்தி நின்றது. ஏழாண்டுகளுக்குப் பின், 2016 நவம்பரில், புதிய இயந்திரங்களுடனும் பெட்டிகளுடனும் அது மீண்டும் புறப்பட்டது. சக்கர நாற்காலியில் வருவோரும் இன்று அதில் ஏறலாம். ஆயினும், இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த சிறுவர்க்கு அந்த வான்வழிப் பயணம் கிட்டாமற் போயிற்று. வடமும் சக்கரமும் தேயும் என்பது அமைக்கும் நாளிலேயே தெரிந்த செய்தி. அவற்றை மாற்றுவதற்கான நிதியும் அன்றே ஒதுக்கப்படவேண்டும்.