மேகம் கூடும்போது மீன் கடிக்கும், அப்போதுதான் கரையேறணும்

ஏரி, குளம், அணைன்னு நல்ல தண்ணீரில் மீன் பிடிக்கிற உங்ககிட்ட இன்னைக்கு வானத்தைப் பற்றிப் பேசப்போறேன். தொழிலுக்கு வலை வீசுறவங்களாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் எடுத்துக்கிட்டுக் கிளம்புறவங்களாக இருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

மீனுக்கு நம்மைப் போல உடம்புச்சூடு நிலையாக இருக்காது. தண்ணீர் சூடானால் அதன் உடம்பும் சூடாகும், மூச்சுக்காற்றும் அதிகம் தேவைப்படும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால்தான் சித்திரை, வைகாசியில் உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்குப் போயிடும், தூண்டில் அசையாது. விடியற்காலையும் சாயங்காலமும்தான் கரையோரம் வரும்.

மேகம் மூடினால் கதை மாறும். வெளிச்சம் குறைந்ததும் மீன் மேலே வரும். மழைக்கு முன்னாடி நல்லா கடிக்கும்னு தூண்டில்காரங்க சொல்றது இந்த நேரத்தைத்தான். வம்பும் இங்கேதான். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டுவது வழக்கம். அணை நடுவில் பரிசலில் இருக்கிறவருக்குச் சுற்றிலும் தண்ணீர்தான். அங்கே உயரமாக நிற்கிற ஒரே பொருள் அவர். கையில் கார்பன் ஃபைபர் தூண்டில்கோல் இருந்தால் அதுவும் மின்சாரம் கடத்தும். "இன்னும் ஒரு மீன், அப்புறம் போகலாம்"னு தோணும். எனக்கும் தோணியிருக்கு. மின்னல் தெரிஞ்சு 30 எண்ணுறதுக்குள்ள இடி கேட்டால் உடனே கரையேறி, ஒரு கட்டிடத்துக்குள்ளேயோ மூடிய வண்டிக்குள்ளேயோ போங்க, மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் திரும்பத் தண்ணீர்ப் பக்கம் போகணும்.

உங்க போனில் 'தாமினி' செயலி இருந்தால், நீங்க நிற்கிற இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். இருப்பிடத்தை, அதாவது லொக்கேஷனை, ஆன் பண்ணி வைங்க. இல்லைன்னா செயலி இருந்தும் பயனில்லை. 'டிஎன் அலெர்ட்' செயலியில் வானிலை முன்னறிவிப்போடு அணை நீர்மட்டமும் பார்க்கலாம்.

அணை நீர்மட்டம் எதுக்குன்னு கேட்பீங்க. காவிரிக்கரைக்காரங்களுக்குத் தெரியும். ஆடி மாசம் மேட்டூரில் சுள்ளுன்னு வெயில் அடிக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைஞ்சு தண்ணீர் திறந்தால், உங்க ஊரில் ஒரு தூறல்கூட இல்லாமல் வெள்ளம் வந்துடும். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவது இப்படித்தான். வானத்தை மட்டும் பார்த்து ஆற்றில் இறங்காதீங்க.

ஏரி மதகோரம், கலிங்கு ஓரம் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுத்தண்ணீர் வரும்போது மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். ஊரே கூடைய எடுத்துக்கிட்டு ஓடும். ஏறுகிற மீனில் பெரும்பாலானவை சினை மீன், முட்டையிடத்தான் ஏறுது. எல்லாத்தையும் அள்ளினால் அடுத்த வருஷம் ஏரியில் என்ன இருக்கும்? கலிங்கில் பாசி பிடிச்சிருக்கும், கால் வழுக்கினால் பிடிமானம் கிடையாது. பசங்களை அனுப்பவே அனுப்பாதீங்க.

குளம் குத்தகைக்கு எடுத்து வளர்க்கிறவங்களே, ரெண்டு மூணு நாள் மூடாப்பாக இருந்து, விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் சந்தோஷப்படாதீங்க, மூச்சுத் திணறுது. வெயில் இல்லாததால் பாசி ஆக்சிஜன் தயாரிக்கலை. அன்னைக்குத் தீவனத்தை நிறுத்திட்டு, மோட்டார் போட்டுப் புதுத்தண்ணீரை மேலிருந்து தெறிக்க விழ விடுங்க. வெயில் ஏறுறவரைக்கும் காத்திருந்தால் பாதி மீன் மிதக்கும்.

தண்ணீரில் ஆபத்துன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை எண் 1070. இப்பவே போனில் பதிஞ்சு வைங்க.