வானத்தில் பறக்கும் வால்



பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்து சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதில் என்ஜிசி 1265 என்றொரு ரேடியோ கேலக்ஸி. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் பக்கத்திலிருந்து இரண்டு துகள் தாரைகள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. நேராகப் போக வேண்டியவை இரண்டும் ஒரே பக்கம் வளைந்து, பின்னால் நீண்ட வாலாகக் கிடக்கின்றன.

வளைத்தது யார்? 1968இல் கேம்பிரிட்ஜ் வானியலாளர்கள் மார்ட்டின் ரைலும் விண்ட்ராமும் கொத்தின் நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற கேலக்ஸி ஊதித் தள்ளுகிறது என்று எண்ணினார்கள். வழக்கம்போல, பழி ஊர்ப் பெரியவர் தலையில்! 1972இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் பார்த்தவர்கள், ‘யாரும் ஊதவில்லை, இதுதான் ஓடுகிறது’ என்றார்கள். இலை அசையாத மத்தியானத்திலும் பைக்கில் போனால் தோள்துண்டு பின்னால் பறக்கிறதல்லவா?

அங்கே காற்றுக்கு எங்கே போவது என்பீர்கள். கேலக்ஸிகளுக்கு இடையே பல கோடி டிகிரி சூட்டில் ஒரு வாயு நிரம்பிக் கிடக்கிறது. 1970இல் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவிய உஹுரு செயற்கைக்கோள் அதன் எக்ஸ் கதிர்களைப் பிடித்தது. எடை போட்டால் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும்விட அதுவே கனம். ஆனால் எவ்வளவு மெலிசு! நம்மைச் சுற்றி ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் லட்சம் கோடி கோடி மூலக்கூறுகளுக்கு மேல் உண்டு. அங்கே ஒரு கன மீட்டருக்கே சில ஆயிரம் துகள்கள்தான்.

அது எப்படித் தாரையை வளைக்கும்? என்ஜிசி 1265 வினாடிக்கு 2000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர்வாயுவின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. பார்க்க மிரட்டும் அந்தத் தாரையோ வாயுவைவிடவும் லேசு.

1968இன் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை. என்ஜிசி 1275 ஊதத்தான் செய்கிறது, ஆனால் தன்னைச் சுற்றி. அதன் தாரைகள் வாயுவில் பெருங்குமிழ்களைக் குடைகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி 2003இல் அங்கே ஒலி அலைகளையே காட்டியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு!

எக்ஸ் கதிர்களாகச் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால், கொத்தின் நடுவிலுள்ள வாயு எப்போதோ ஆறிப்போய், ஏராளமான நட்சத்திரங்களாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. என்ஜிசி 1275இன் கருந்துளைதான் சூட்டைக் காக்கிறது என்பதில் பெரும்பாலோருக்கு உடன்பாடு. அலையாலா, வாயு கலங்குவதாலா என்பதில்தான் வாக்குவாதம். 2016இல் ஜப்பானின் ஹிடோமி செயற்கைக்கோள் அளந்து பார்த்தபோது, அந்தக் கலக்கம் வினாடிக்கு 160 கிலோமீட்டர் அளவுதான். பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அளந்த சில வாரங்களிலேயே ஹிடோமி பழுதாகிப் போனது. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.