வெந்த ஆப்பிளும் பிர்ச் மரமும்



இங்கே விலங்கியல் படித்துவிட்டு வியன்னாவில் குடியேறியவன் நான். அங்கே ஏப்ரல் பிறந்தால் பிர்ச் மரத்தின் மகரந்தம் காற்றெல்லாம் பறக்கும். ஓயாத தும்மல், கண் எரிச்சல். போதாததற்கு, ஆப்பிளை அப்படியே கடித்தால் உதடும் தொண்டையும் அரிக்கும். மரத்துக்கும் பழத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

பிர்ச் மகரந்தத்தில் 'பெட் வி 1' என்றொரு புரதம். ஆப்பிளில் உள்ள 'மால் டி 1' அதற்குப் பங்காளி முறை. நம் உடம்பின் ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள், நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி முகஜாடையை வச்சே ஆளைப் பிடிக்கும். வேகவைத்தால் புரதத்தின் மடிப்பு குலைந்து முகம் மாறிப்போகும், வாட்ச்மேன் விட்டுவிடுவார். (இன்றைக்கு நம்ம வழுக்கைகளைப் பார்த்தாலும் அதே கதைதான்!) ஆகவே வெந்த ஆப்பிள் வாயை அரிப்பதில்லை.

டி செல் வேற ரகம். அது முகத்தையே பார்க்காது. மற்ற செல்கள் புரதத்தை நறுக்கிக் காட்டும் துணுக்கைத்தான் படிக்கும். விடைத்தாளின் கிழிந்த மூலையைக் காட்டினாலே "இது இவன் கையெழுத்து" என்பாரே, அந்தப் பேராசிரியர் மாதிரி. வேகவைத்தாலும் அந்த எழுத்து அழிவதில்லை. பிர்ச்சுக்குப் பழகிய டி செல் ஆப்பிள் துணுக்கைப் பார்த்தும் கிளம்பிவிடுகிறது. வியன்னாவில் பார்பரா போலே குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பிர்ச் ஒவ்வாமையோடு கரப்பானும் உள்ளவர்களுக்கு ஆப்பிள், கேரட், செலரி வேகவைத்துக் கொடுத்தார்கள். வாயில் அரிப்பில்லை, கரப்பான் மட்டும் அதிகமானது.

என் மகளுக்கு இரண்டும் உண்டு. ஆப்பிள் ஸ்ட்ரூடல் சாப்பிட்ட மறுநாள் முழங்கை மடிப்பு சிவந்துவிடும். "வெந்ததுதானே, அதனால இருக்காது" என்று ஒரு டாக்டர் கையை விரித்தார். சோப்பு மாற்றினோம், துணி மாற்றினோம். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தாள். வேறொரு தோல் மருத்துவர்தான் சாப்பாட்டைத் தேதிவாரியாக எழுதச் சொல்லி, தன் மேற்பார்வையில் நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம்தான் விளங்கியது.

எனக்குக் கரப்பான் இல்லை. ஸ்ட்ரூடலை நான் விடுவதாயில்லை. கரப்பான் உள்ளவர்களுக்கு மறுநாள் கூடினால் டாக்டரிடம் அவசியம் சொல்லணும், அது மகரந்தமே இல்லாத டிசம்பராக இருந்தாலும்.

மணி அடிச்சாச்சு. மீதியைப் பந்தியில் கேளுங்க. கேரட் பொரியல் உண்டாம்!