பாட்டியையும் கூப்பிடுங்கள்



இன்று நான் பேச வந்தது மாத்திரை மருந்தைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பற்றி.

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு நான் இந்த வேலைக்குப் புதிது. ஊர் ஊராகப் போய் இளந்தாய்மார்களை மட்டும் கூட்டி வைத்துப் பேசுவேன். "குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

ஓர் ஊரில், கூட்டத்துக்குத் தவறாமல் வந்த ஒரு பெண்ணின் எட்டு மாதக் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோயிற்று. துக்கம் கேட்கப் போனேன். "நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சுங்கம்மா. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு அத்தை சொன்னாங்க. எதுத்துப் பேச முடியலே" என்றாள். மூலையில் இருந்த மாமியார் என்னைப் பார்த்து, "எங்கிட்ட யாரும் சொல்லலியே தாயி" என்றார்.

அந்தப் பாட்டிக்குப் பேரன் மேல் பாசம் குறைவா? இல்லை. தமக்குத் தெரிந்ததைச் செய்தார். தெரியாததைச் சொல்ல வேண்டியவள் நான். அவரை நான் கூப்பிடவே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அங்கேயும் நம் ஊர் போலத்தான். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு எல்லாம் பாட்டிமார் சொல்படி. அங்குள்ள சில கிராமங்களில் பாட்டிமாரையே கூட்டி உட்கார வைத்து, பாட்டும் கதையுமாகப் பேசினார்கள். அவர்களுடைய அனுபவத்தைப் பாராட்டினார்கள்; புதியதையும் சொன்னார்கள். 2004-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தவர்கள், பாட்டிமாரைச் சேர்த்த ஊர்களில் 100-க்கு 98 பேர். சேர்க்காத ஊர்களில் 57 பேர். கர்ப்ப காலத்தில் வேலையைக் குறைத்துக்கொண்டவர்கள் அங்கே 91 பேர், இங்கே 34 பேர். மருமகளை உட்காரச் சொல்ல மாமியாரால்தானே முடியும்!

ஆகவே, அங்கன்வாடியில் கூட்டம் என்றால் தனியாக வராதீர்கள். அத்தையையும் அம்மாவையும் அழைத்து வாருங்கள். கேழ்வரகுக் கூழ் பக்குவம், முருங்கைக்கீரை சமையல், அழுகிற பிள்ளையைத் தாலாட்டித் தூங்க வைப்பது இவற்றையெல்லாம் அவர்கள் சொல்லட்டும்; நீங்கள் கேளுங்கள். பிறகு நர்ஸ் அம்மா சொல்வதை இருவரும் சேர்ந்து கேளுங்கள்:

பிறந்த குழந்தைக்குச் சேனை வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். முதல் உணவு அதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். நர்ஸ் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. "பாட்டிக்கு என்ன தெரியும்" என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள். மனைவியைத் தனியே வாதாடவும் விடாதீர்கள். "அம்மா, நாளைக்குக் கூட்டம், நீயும் வா" என்று நீங்கள் கூப்பிட்டால் உங்கள் தாய் வருவார்.

இப்போது என் கூட்டங்களில் முன்வரிசைப் பாய் பாட்டிமாருக்குத்தான். பாட்டி சொல் கேட்போம். பாட்டிக்கும் எடுத்துச் சொல்வோம்.