வைரம் இல்லாத மரமும் நீலக் கறையும்

ஜொகூர் நீரிணையை அடுத்த பெர்மாஸ் ஜெயாவில் புதுவீடு புகுவோர் வாங்கும் சாப்பாட்டு மேசை, அதே மாநிலத்தின் மூவாரில் செய்யப்பட்ட பால்மர (ரப்பர் மர) மேசையாக இருந்தால் அதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் அம்மரத்துக்கு விறகின் மதிப்பே இருந்தது. 25 அல்லது 30 ஆண்டுகள் பால் வெட்டியபின் சாய்க்கப்பட்ட மரம், தோட்டத்து அடுப்புகளிலும் ரப்பர் தாள்களைப் புகைக்கும் கூடங்களிலும் எரிந்து சாம்பலானது. 1970களின் பிற்பகுதிக்குப் பின்னரே அது தளவாட மரமாக மதிக்கப்பட்டது. அதுவரை குறுக்கே நின்றவற்றுள் ஒன்று, அறுத்த சில நாள்களிலேயே பலகையில் ஏறும் நீலக் கறை.

முதிர்ந்த தேக்கின் நடுவில் கறுத்து இறுகிய பகுதியை வைரம் என்றும், அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதியை வெள்ளைக்கட்டை என்றும் தச்சர் பிரிப்பர். பால்மரத்தில் இப்பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே வயிரம் கொண்டதையே மரம் என்று வகுத்த தொல்காப்பியர் இதை எவ்வாறு வகைப்படுத்தியிருப்பார் என்பது இலக்கண ஆசிரியர்கள் விவாதிக்க வேண்டியது. மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த இக்கட்டையில் கறைப்பூஞ்சை நுழைந்து அந்தச் சத்துகளை உண்கிறது. மர நாரை அது பெரிதும் தொடாததால் பலகையின் வலிமை அவ்வளவாகக் குறைவதில்லை என்றாலும், அதன் கரிய இழைகள் ஆழமாக ஊடுருவுவதால், மேற்பரப்புப் பூசணத்தைத் துடைப்பதுபோல் இதைத் துடைக்கவோ இழைத்து நீக்கவோ இயலாது.

கட்டையின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது முற்றும் காய்ந்தால் 100 கிலோ நிற்கும் கட்டையில் 20 கிலோவுக்கும் குறைவான நீரே எஞ்சினால், இப்பூஞ்சை வளராது. நீரில் முழுவதும் மூழ்கிய மரத்திலும் காற்றில்லாமையால் அது வளராது. இடைப்பட்ட ஈரமே அதற்கு உகந்தது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகையே வடக்கிலுள்ள ஜொகூரின் வெம்மையும் நீராவி மிகுந்த காற்றும் அந்த ஈரத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவேதான் ஆலைகள், மரம் சாய்ந்த ஓரிரு நாள்களுக்குள் அறுத்து, இரும்பு உருளைத் தொட்டியில் அடைத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்துடன் ஏற்றி, உடனே சூளையில் உலர்த்த விரைகின்றன. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வு நிறுவனம் இம்மரத்தைப் பதப்படுத்துவதை விரிவாக ஆராய்ந்துள்ளது.

எனினும் மருந்து பாதி வேலையையே செய்கிறது; மீதி, அடுக்கும் கையில் இருக்கிறது. பலகை வரிசைகளுக்கிடையே காற்றோடக் குறுக்குக் குச்சிகள் வைப்பது வழக்கம். குச்சி பச்சையாக இருந்தால், அது பலகையைத் தொடும் இடம் மட்டும் ஈரம் விடாமல் நின்று கறுக்கிறது. அடுக்கும்போது ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து இழைப்புளி ஓடியதும், ஒன்றரை அல்லது இரண்டடிக்கு ஒன்றாகப் பலகையின் குறுக்கே ஏணிப்படி போன்ற நிழல்கள் வெளிப்படும். மெருகெண்ணெய் பூசினால் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆதலால் குச்சிகள் முன்பே நன்கு காய்ந்தும், பட்டை நீங்கியும், ஒரே தடிப்பிலும் இருக்க வேண்டும். தொடும் பரப்பைக் குறைக்கப் பள்ளம் கீறிய குச்சிகளும் உண்டு. மேலும் கீழுமான குச்சிகள் ஒரே நேர்க்கோட்டில் அமையாவிடில் பலகை வளையும்.

அடுக்கின் அடிவரிசை தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்திருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு அஞ்சி அடுக்கைத் தார்ப்பாயால் நாற்புறமும் இறுகப் போர்த்துவது, வீட்டு முற்றங்களில் பலரும் செய்யும் தவறு. வெளியேறும் ஈரம் உள்ளேயே சுற்றி, பூஞ்சைக்குப் புழுக்கமான அறை அமைத்துக் கொடுக்கிறது. மேலே கூரை போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

பூஞ்சையே இல்லாத கறையும் ஒன்றுண்டு. கடுக்காயுடன் இரும்புச் சத்துள்ள அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சிய முன்னோரின் அதே வேதியியல், துவர்ப்பு மிகுந்த கப்பூர் போன்ற ஈர மரத்தின்மேல் ஆணியோ இரும்புப் பட்டையோ படும்போதும் நிகழ்ந்து, கருநீலப் புள்ளிகளை உண்டாக்குகிறது.

கறை ஏறிய பால்மரப் பலகை வீணாவதில்லை. அதன் வலிமை பெரிதும் குறையாததை அறிந்தவர்கள், சாயம் பூசும் கால்களுக்கும், துணிக்குள் மறையும் சோபாச் சட்டங்களுக்கும் அதைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்கிறார்கள்.