ஆயாவின் கொல்லையும் தில்லைக் காடும்: கைமருத்துவத்தை யார் எழுதி வைப்பது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஏஐ இல்லை, வேலை இன்டர்வியூ இல்லை. ஊர்ப் பக்கம் போகலாம். எங்க ஊர் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், கிள்ளையைத் தாண்டி. பிச்சாவரம்னா உங்களுக்குப் படகு ஞாபகம் வரும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் உப்பங்கழியும் அலையாத்திக் காடும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். எங்க வீட்டில் அந்தக் காட்டுக்கு இன்னொரு பேர் உண்டு: மருந்துக் காடு.

என் அப்பாவோட அம்மாவை நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம். எண்பதைத் தாண்டியாச்சு. எங்க கொல்லையில் ஆடாதொடை, நொச்சி, தூதுவளை, பிரண்டை, கற்பூரவள்ளி எல்லாம் உண்டு. மண்ணில் உப்பு ஏறின பக்கம் என்பதால் பாதிச் செடி பழைய பானையிலும் உடைஞ்ச குடத்திலும்தான் வளருது. ஆயா இதையெல்லாம் அவங்க மாமியார்கிட்ட கத்துக்கிட்டது. கழியோரத்துச் செடிகளை மட்டும் இறால் பிடிக்க வரும் ஒரு இருளர் அம்மாகிட்ட கத்துக்கிட்டது. பறியைப் பல்லால் கவ்விக்கிட்டு, இடுப்பளவுத் தண்ணியில் கையால் தடவி இறால் பிடிக்கிற மக்கள் அவங்க. அந்தக் காட்டோட ஒவ்வொரு வேரும் அவங்களுக்குத் தெரியும்.

ஆயா பாடம் எடுத்த விதம் எனக்கு இப்போதான் புரியுது. முதலில் எது எதுக்கு மருந்துன்னு சொல்லல. எதைத் தொடக்கூடாதுன்னுதான் காட்டுச்சு. ஊமத்தை, எருக்கம்பால், அப்புறம் தில்லை.

தில்லைன்னா சிதம்பரம். நடராஜர் கோயிலோட தலமரம் அது. ஊருக்கே அந்த மரத்தோட பேர். ஆனா இன்னைக்கு நகரத்தில் தில்லைவனம் கிடையாது, பார்க்கணும்னா பிச்சாவரத்துக்குத்தான் வரணும். உதிரும் முன்னாடி இலை சிவந்து அழகா இருக்கும். ஒடிச்சா வெள்ளையா பால் வரும். தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் கொஞ்ச நாளுக்குப் பார்வையே போயிடும். அதே மரத்தைத் தோல் நோய்க்கும் புண்ணுக்கும் மருந்தாகப் பயன்படுத்தின பழக்கமும் இருக்கு. "மருந்தும் அதுதான், வெனையும் அதுதான், பாப்பா. கை தெரிஞ்சவங்க தொடணும்" என்று ஆயா சொல்லும்.

இங்கேதான் எனக்குச் சில பேரோட சண்டை. "பாட்டி வைத்தியம் எல்லாம் சும்மா" என்று ஒரு கூட்டம். "பாட்டி வைத்தியம்னா சைடு எஃபெக்டே கிடையாது" என்று இன்னொரு கூட்டம். ரெண்டும் தப்பு. ரெண்டு செடியை எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல ஆடாதொடை. இருமலுக்கு ஆயா கஷாயம் வைக்கிற இலை. அதில் வாசிசின் என்று ஒரு பொருள் இருக்கு. அதை அடிப்படையா வெச்சு உருவாக்கினதுதான் புரோம்ஹெக்சின். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால். மெடிக்கல் ஷாப்பில் சளி கரைய வாங்குற நிறைய சிரப் பாட்டிலில் இந்தப் பேர்களைப் பார்க்கலாம். அதாவது கொல்லைச் செடியிலிருந்து ஆய்வகத்துக்குப் போன பாதை அது.

அடுத்தது கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்கு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமக்கிறவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தாங்க. 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸோட அடையாளம் மறைஞ்சது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருத்தருக்குத்தான் மறைஞ்சது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா பிறகு வேற இடங்களில் செஞ்ச ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கல. ஒரு முறை ஓடின ப்ரோக்ராம் இன்னொரு மெஷினில் ஓடலைன்னா நாம என்ன செய்வோம்? ஏன்னு தேடுவோம். "ஓடுச்சு" என்று மட்டும் சொல்லிட்டு ரிலீஸ் பண்ண மாட்டோம்.

ஆயாவுக்கு லான்செட் தெரியாது. ஆனா அதுக்கு ஒரு கணக்கு உண்டு. மூணு நாள். மூணு நாளில் காய்ச்சல் இறங்கலைன்னா, கண்ணு மஞ்சளா ஆனா, குழந்தை பால் குடிக்கலைன்னா, "சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு". பாம்புக்கடின்னா அந்த மூணு நாளும் கிடையாது, உடனே வண்டி. எந்த இலை என்று தெரிவது பாதி வைத்தியம். எப்போ நிறுத்தணும் என்று தெரிவது மீதிப் பாதி. ஒரு நிமிஷ வீடியோவில் முதல் பாதி மட்டும்தான் வருது.

சரி, அப்போ முழுசா எழுதி வெச்சிடலாமே? நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அங்கேதான் விஷயம் சிக்கலாச்சு.

1995-ல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதுக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு காப்புரிமை கிடைச்சது. நம்ம சிஎஸ்ஐஆர் எதிர்த்தது. பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமா காட்டினாங்க. 1997-ல் அது ரத்தாச்சு. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் மரபு அறிவு மின் நூலகம், 2001-ல் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் இருக்கும் மருந்து முறைகளை ஐந்து சர்வதேச மொழிகளில் போட்டு, காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கிற மாதிரி வெச்சிருக்காங்க. என் கண்ணுக்கு அருமையான டேட்டாபேஸ். ஆனா அதில் போறது நூலில் எழுதினது. இருளர் அம்மா கழியோரத்தில் நின்னு ஆயாவுக்குச் சொன்னது எந்த நூலிலும் இல்ல.

எழுதினா பாதுகாப்பு வந்துடுமா? அதுவும் உறுதியில்ல. கேரளத்தில் அகத்தியமலையில் வாழும் காணி மக்கள் கதையைப் பாருங்க. 1987-ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி இளைஞர்கள், களைப்பு தெரியாம நடக்க ஒரு பழத்தைச் சாப்பிட்டாங்க. ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்று மருந்து வந்தது. கோவை கம்பெனி ஒண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கொடுத்தாங்க. அதில் பாதி காணி மக்களுக்கு. உலகத்திலேயே முன்னோடி ஒப்பந்தம்னு பேசப்பட்டது. ஆனா ரகசியத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதில் காணிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. செடியைக் காட்டில் வளர்த்து எடுப்பதில் வனத்துறையோட இழுபறி. பணம் வந்துச்சு, ஆனா நினைச்ச அளவுக்கு இல்ல.

இதையெல்லாம் ஆயாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு ஒரே கேள்வி: "எனக்குச் சொல்லிக் குடுத்தவகிட்ட கேட்டியா?"

கேட்கல. அதனால இப்போ எங்க நோட்டில் ஒரு விதி. ஒவ்வொரு செடிக்கும் எட்டுக் கட்டம்: ஊர்ப் பேர், எங்கே வளரும், எந்த மாசம் பறிக்கணும், எந்தப் பாகம், எதுக்கு, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்போ நிறுத்தணும், யார் சொல்லிக் கொடுத்தது. கடைசிக் கட்டத்தில் இருக்கிறவங்க சரின்னு சொல்லாம அந்தப் பக்கம் வீட்டை விட்டு வெளியே போகாது. அந்த அம்மாவோட மகளைப் பார்த்துப் பேசியிருக்கேன். கொல்லைச் செடிகள் பத்தி எழுதலாம்னு ரெண்டு குடும்பமும் ஒத்துக்கிட்டோம். கழியோரச் செடிகள் பத்தி அவங்க வீட்டில் பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. அதனால இந்த எபிசோடில் அதில் ஒண்ணைக்கூட நான் சொல்லல. கவனிச்சிருப்பீங்க.

உங்க ஊரிலும் இதைச் செய்யலாம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். உங்க பஞ்சாயத்தில் அது இருக்கான்னு கேளுங்க. இருந்தா யார் பேரெல்லாம் அதில் இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் செடி பேர் இருக்கும், சொன்னவங்க பேர் இருக்குமா என்பதுதான் கேள்வி.

இன்னொண்ணு. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனா, பாட்டிகிட்ட "எதுக்கு என்ன மருந்து"ன்னு கேட்காதீங்க. "எதைத் தொடக்கூடாது, எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னு முதலில் கேளுங்க. மத்தது தானா வரும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.