தீர்ப்பு முடியலாம்... வழக்கு முடியாது!

(தலைப்பு: "முடிந்துபோன திரைப்பட விருதுகளை ரசிகர்கள் மறுபடியும் விவாதிப்பது ரசனையின் வளர்ச்சியா? வீண் பொழுதுபோக்கா?" - 'ரசனையின் வளர்ச்சியே' அணியில் பேசியது)

    

எனக்கு முன்னால் பேசின எதிரணிச் சகோதரி, "முடிஞ்சுபோன கல்யாணத்துக்கு மேளம் எதுக்கு?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. அம்மா, அறுபதாம் கல்யாணம்னு ஒண்ணு இருக்கே! அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு, மறுபடியும் மேளம் வைக்கிறோமா இல்லையா? (சிரிப்பு) ஏன் வைக்கிறோம்? முதல் தடவை அவசரத்துல கட்டின தாலியை, இந்தத் தடவை நிதானமாப் பார்த்துக் கட்டலாம்னுதான்! (கைதட்டல்)

விருது கொடுக்கிறதும் அவசரத்துல கட்டுற தாலிதான், நடுவர் அவர்களே. அந்த வருஷத்துப் படத்தை அந்த வருஷமே முடிவு பண்ணியாகணும். காலம் என்ன சொல்லும்னு காத்திருக்க முடியாது. அதனால தேர்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனா காத்திருக்கிற வசதி ரசிகனுக்கு உண்டு. அந்த வசதியை அவன் பயன்படுத்தினா அது எப்படி வீண் வேலையாகும்?

ஒரு உதாரணம். ஹிட்ச்காக் எடுத்த 'வெர்டிகோ' 1958இல் வந்தது. ஆஸ்காருக்கு எத்தனை பிரிவில் பரிந்துரை ஆச்சு? ரெண்டே ரெண்டு. கலை இயக்கம், ஒலிப்பதிவு. சிறந்த படப் பட்டியலிலே பெயரே இல்லை. இயக்குநருக்காக ஹிட்ச்காக் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஆனா 'சைட் அண்ட் சவுண்ட்'னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை, பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துது. 2012இல் அதிலே முதலிடம் எதுக்கு? அதே 'வெர்டிகோ'வுக்கு! 1958இல் பந்தியிலே இலை போடாத ஆளை 2012இல் தலைவாழை இலை போட்டு உட்கார வைத்தார்கள். 2022இல் அதையும் எழுப்பிவிட்டு, 'ழான் தீல்மான்' என்ற பெல்ஜியப் படத்தை உட்கார வைத்தார்கள். ஆக, கடைசித் தீர்ப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!

எதிரணித் தலைவர் கேட்டார்: "நீ திண்ணையில் உட்கார்ந்து பேசினா அங்கே ஏதாவது மாறுமா?" நல்ல கேள்வி. ஹாலிவுட்டிலேயே மாறிய கதையைச் சொல்கிறேன்.

1934ஆம் ஆண்டு. 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் பெட்டி டேவிஸ் நடித்திருந்தார். சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் மூன்று பெயர்கள். அதில் அவர் பெயர் இல்லை. சும்மா விட்டார்களா? பெரிய கூச்சல்! அகாதமியே இறங்கி வந்து, "பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச் சீட்டில் கையால் எழுதிப் போடலாம்" என்று விதியைத் தளர்த்தியது. விருது கிளாடெட் கோல்பெர்ட்டுக்குத்தான் போச்சு. எதிரணி சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்க! அடுத்த ஆண்டு ஹால் மோர் என்ற ஒளிப்பதிவாளர், பட்டியலிலேயே இல்லாதவர், கையால் எழுதிப் போட்ட வாக்குகளாலேயே ஆஸ்கார் வாங்கினார். (கைதட்டல்) அதுக்கப்புறம் பயந்துபோய் அந்தக் கதவையே சாத்திட்டாங்க, அது வேற விஷயம்! அது மட்டுமா? வாக்கு எண்ணும் வேலை வெளியே ஒரு தணிக்கை நிறுவனத்திடம் போனதும் அந்தக் கூச்சலுக்கு அடுத்த ஆண்டுதான். கேள்வி கேட்டதால் வந்த ஒழுங்கு, ஐயா அது!

இன்னும் ஆழமான ஒன்றுக்கு வருகிறேன். 1957இல் நடந்த ஆஸ்கார் விழா. 'தி பிரேவ் ஒன்' படத்தின் கதைக்கு விருது. கதாசிரியர் ராபர்ட் ரிச். பெயரைச் சொன்னாங்க. ஆள் வரலை. ஏன் வரலைன்னா, அப்படி ஒரு ஆளே கிடையாது! எழுதியவர் டால்டன் டிரம்போ. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்தவர். அதற்காகச் சிறைக்குப் போனவர். சொந்தப் பெயரில் எழுத முடியாமல் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர். அவருடைய பேனாவுக்கு விருது உண்டு. பெயருக்கு இடம் இல்லை.

அன்றைக்கே எல்லாரும், "விருது கொடுத்தாச்சு, விவகாரம் முடிஞ்சது"ன்னு எழுந்து போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ராபர்ட் ரிச் என்ற இல்லாத மனிதர் வரலாற்றில் இருந்திருப்பார். இருந்த மனிதர் இல்லாமல் போயிருப்பார்! கேள்வி ஓயவில்லை. 1975இல் அந்தச் சிலை டிரம்போவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். 'ரோமன் ஹாலிடே' கதையும் அவருடையதுதான். நண்பர் பெயரில் வந்தது. அதற்கான ஆஸ்கார் 1993இல் அவர் மனைவியிடம் வழங்கப்பட்டது. நாற்பது ஆண்டு! நாற்பது ஆண்டு கழித்து ஒரு அம்மையார் தன் கணவரின் பெயரை வாங்கிக்கொண்டார், ஐயா! (நீண்ட கைதட்டல்) எதிரணி நண்பர்களே, அந்த அம்மையார் முன்னால் போய் நின்று, "இது வீண் பொழுதுபோக்கு" என்று சொல்வீர்களா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தேநீர்க் கடையில் நம்ம ஆள் முதலில் எடுக்கிற வழக்கு எது? "நடிகர் திலகத்துக்கு ஏன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கொடுக்கலை?" ஆவேசமாய்ச் சொல்வான்: "கட்டபொம்மனுக்குக் கொடுக்கலை, பாசமலருக்குக் கொடுக்கலை, கர்ணனுக்குக் கொடுக்கலை!" இங்கேதான் விவாதத்தின் பயன் தெரியும். பக்கத்தில் ஒரு விவரமான ரசிகன் இருப்பான். "அண்ணே, நிறுத்துங்க. தேசிய விருதிலே நடிகருக்குன்னு பரிசு வந்ததே 1967ஆம் வருஷப் படங்களிலிருந்துதான். கட்டபொம்மன் 1959, பாசமலர் 1961, கர்ணன் 1964. இல்லாத பரிசை எப்படிண்ணே மறுக்க முடியும்?" என்பான். (சிரிப்பு) "கட்டபொம்மனுக்கு 1960இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வந்ததே, அதைச் சொல்லுங்க" என்பான். பாருங்க, கோபமாய் ஆரம்பிச்சது வரலாறாய் முடியுது!

அவன் அதோடு விடமாட்டான். "வழக்குப் போடுறதுன்னா 1968க்குப் போடுங்க. தில்லானா மோகனாம்பாள் வந்த வருஷம். விருது யாருக்கு? 'ஆசீர்வாத்' இந்திப் படத்துக்காக அசோக் குமாருக்கு. அந்தப் படத்தைப் பார்த்தீங்களா?" நம்ம ஆள் திருதிருன்னு விழிப்பான். "ரயில் பாட்டைத் தானே பாடி நடிச்சிருக்கார்ண்ணே, முதல்ல பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்!" ஒரு தமிழ் ரசிகன் 1968இன் இந்திப் படத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறானே, இதை எந்தப் பாடப்புத்தகம் செய்யும்?

நம்ம தேசிய விருதில் ஒரு விஷயம் இருக்கு. ஆஸ்கார் மாதிரி பரிந்துரைப் பட்டியலை ஊருக்கு அறிவிக்கிற வழக்கம் இல்லை. ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் வரும். இரண்டாவதாய் நின்றவர் யார்? மூன்றாவது யார்? தெரியாது. அந்தப் பட்டியலை எழுதிப் பார்க்கிறவன் ரசிகன்தான். நல்ல ரசிகனுக்கு ஒரு தர்மம் உண்டு. ஐந்தே நாற்காலி. புதுசாய் ஒருவரை உட்கார வைக்கணும்னா, உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுப்பணும். யாரை எழுப்புறதுன்னு யோசிக்கும்போதுதான் எழுந்திருக்கிறவரின் அருமையும் தெரியும். இது சண்டை அல்ல நடுவர் அவர்களே, பயிற்சி!

நான் தமிழாசிரியன். என் துறையிலிருந்து ஒன்று சொல்லாமல் உட்கார்ந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. (சிரிப்பு) 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரைச் சேலம் இராமசுவாமி முதலியார் சந்திக்கிறார். அங்கே முன்சீபாக வந்தவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். அன்றைக்குத் தமிழின் 'பரிந்துரைப் பட்டியல்' அதுதான்! முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்தீர்களா, சிலப்பதிகாரம் படித்தீர்களா என்று கேட்கிறார். பட்டியலில் இல்லாத பெயர்கள்! அந்த ஒரு கேள்வி ஐயரைத் தூங்கவிடவில்லை. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. "பட்டியல் போட்டாச்சு, பேசாதே" என்று முதலியார் வாய் மூடிப் போயிருந்தால், இந்த மேடையில் நமக்கெல்லாம் பேச என்ன இருந்திருக்கும்? (கைதட்டல்)

ஓலை போனால் செய்யுள் போச்சு. சுருள் போனால் படம் போச்சு. நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், இன்று இல்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம், இன்று இல்லை. அவற்றுக்கு விருது கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பார்க்கவே முடியாதே! யார் பேசுகிறார்களோ அவர்களுக்காகத்தான் படம் பாதுகாக்கப்படும். 1964இல் வந்த 'கர்ணன்', சுத்தம் செய்யப்பட்டு 2012இல் திரைக்கு வந்தபோது, பேரன்கள் தாத்தாக்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரங்கம் நிறைந்தது. ஏன்? நாற்பத்தெட்டு ஆண்டும் அதைப் பற்றி இந்த ஊர் பேசிக்கொண்டே இருந்தது!

நடுவர்: அப்ப நான் இன்னிக்கு சொல்ற தீர்ப்பையும் நாளைக்கு மறுவிசாரணை பண்ணுவீங்களா?

உங்கள் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாய் இருந்தால் மாட்டோம் ஐயா! (பலத்த சிரிப்பு)

மதுரையிலே சிலம்போடு ஒரு பெண் வந்து நின்றாள். தீர்ப்பு முடிந்துவிட்டது, தண்டனையும் முடிந்துவிட்டது. போனவன் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் வழக்காடினாள்? அவன் பெயர் கள்வன் என்று நின்றுவிடக் கூடாது என்பதற்காக! விருதுச் சிலையைப் பிடுங்க அல்ல நாங்கள் பேசுவது. உழைத்தவன் பெயர் நிற்க வேண்டும் என்பதற்காக. ஆகவே, கடந்த விருதுகளை ரசிகர்கள் மீண்டும் விவாதிப்பது ரசனையின் வளர்ச்சியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.